போலிஷ் தெரிந்தவருக்கு ஜாவா மொழி சுலபமா?

போலந்தின் கிராக்கோவில் இருந்தபோது போலிஷ் கற்றீர்கள், இப்போது இந்தோனேசியாவின் ஜாவா தீவில் கணவர் ஊரான யோக்யகர்த்தாவுக்குப் போகிறீர்கள், வேற்றுமை உருபு இல்லாத ஜாவா மொழி சுலபம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி.

போலிஷில் 7 வேற்றுமைகள். பூனையைக் குறிக்கும் 'கோட்' கூட கோத்தா, கோத்து, கோத்தெம், கோச்சே என்று மாறிக்கொண்டே போகும். ஜாவா மொழியில் அந்தத் தொல்லை இல்லை. ஆளுக்கோ காலத்துக்கோ ஏற்ப வினையும் மாறாது.

கஷ்டமெல்லாம் மரியாதையில்தான். போலிஷில் ஐயா, அம்மா என்பது போல 'பான்' அல்லது 'பானி' போட்டு வினையைப் படர்க்கையில் வைத்தால் வேலை முடிந்தது. ஜாவாவில் சொல்லே வேறாகிவிடும். தோழியிடம் பேசும்போது சாப்பிடுவது 'மஙான்'. மாமியாரிடம் நீங்கள் சாப்பிட்டதைச் சொல்ல 'நெடா', அவர் சாப்பிட்டாரா என்று கேட்க 'தஹார்'. தூங்குவதற்கும் அப்படித்தான்: துரு, திலெம், சாரே. இதில் மூன்றாவது வகைச் சொல்லை உங்களுக்கு நீங்களே ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள், அது தற்பெருமையாகப் படும்.

அதனால் வீட்டில் அன்றாடம் வரும் வினைகளை மூன்று மூன்றாகவே மனப்பாடம் செய்யுங்கள். அப்புறம், பெரியவர்களிடம் எங்காவது தடுமாறினால் தயங்காமல் இந்தோனேசிய மொழிக்கு மாறிக்கொள்ளுங்கள். அங்கே பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.