வயலில் நிற்கும் கற்கூடு: கல்லறையா, காளவாயா, ஆட்டுக்காரர் ஒதுங்கிய இடமா?

கேள்வி: அயர்லாந்தில் மேற்கு கார்க் பக்கம் குடியிருக்கிறோம். நடக்கப் போனபோது மலைச்சரிவில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் பெரிய கற்பலகைகளால் ஆன கூடு ஒன்று கண்ணில் பட்டது. இடுப்பளவு உயரம், மேலே ஒரு தட்டைக்கல், ஒரு பக்கம் திறப்பு. பெயர்ப்பலகை கிடையாது, கூகுள் மேப்பிலும் ஒன்றும் இல்லை. நிலத்துக்காரர் ‘ஆல்டர்’ (பலிபீடம்) என்று மட்டும் சொன்னார். ஊரில் பார்த்த கல்திட்டை மாதிரியே இருக்கிறது என்கிறார் மனைவி. ஆட்டுக்காரர்கள் மழைக்கு ஒதுங்கக் கட்டியது என்கிறேன் நான். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நேரில் பார்க்காமல் ஒரு பக்கம் சாயச் சொன்னால், உங்கள் மனைவி பக்கம்தான் சாய்வேன். ஆனால் கல் பாசி படர்ந்து பழசாகத் தெரிகிறது என்பது அதற்குக் காரணம் இல்லை. அயர்லாந்தின் ஈரத்தில் தாத்தா கட்டிய வேலிச்சுவரும் ஐயாயிரம் ஆண்டுக் கல்லறையும் ஒரே மாதிரிதான் பாசி பிடிக்கும். கல்லின் தோற்றத்தை வைத்து வயது சொல்லவே கூடாது. எப்படி அடுக்கியிருக்கிறார்கள், எந்தத் திசை பார்க்கிறது, பழைய வரைபடம் என்ன சொல்கிறது என்ற மூன்றையும்தான் பார்க்க வேண்டும்.

ஆட்டுக்காரர் ஒருவர் தனியாகக் கட்டினால், தன்னால் தூக்க முடிந்த கற்களைப் படுக்கைவாட்டில் அடுக்குவார். நீங்கள் பார்த்ததில் பலகைக்கற்களை மண்ணில் செங்குத்தாக நட்டு, மேலே ஒரு பெரிய கல்லை ஏற்றியிருக்கிறார்கள். ஒண்டி ஆள் மழைக்கு ஒதுங்கச் செய்கிற வேலை இல்லை அது. மேற்கு கார்க்கில் இப்படி ஒன்றைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆப்பு வடிவக் கல்லறை, அதாவது ‘வெட்ஜ் டூம்’. அயர்லாந்து முழுக்க 500-க்கும் மேல் இருக்கின்றன. கார்க், கெர்ரி, கிளேர் பகுதிகளில் நிறைய. பெரும்பாலானவை பொ.ஆ.மு. 2500 முதல் 2000 வரை, செம்பும் வெண்கலமும் புழக்கத்துக்கு வந்த காலத்தில் கட்டப்பட்டவை.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு முனை உயரமாகவும் அகலமாகவும் இருந்து, மறுமுனைக்குப் போகப் போகக் கூரை தாழ்ந்து பக்கச்சுவர்கள் நெருங்குகின்றனவா? தாழ்ந்த முனைக்குப் பின்னால் நின்றுகொண்டு, உயரமான முனையை நோக்கிப் போனில் திசைகாட்டியைப் பிடியுங்கள் (முள்கம்பி வேலிக்குப் பக்கத்தில் வேண்டாம், முள் தடுமாறும்). மேற்கு அல்லது தென்மேற்கு காட்டினால் ஏறக்குறைய முடிந்த மாதிரிதான். சூரியன் சாயும் திசைப் பக்கம் வாய் வைப்பது இந்தக் கல்லறைகளின் வழக்கம். பக்கச்சுவருக்கு வெளியே இன்னொரு வரிசைக் கல் நிற்கிறதா, சுற்றிலும் கற்குவியலின் மிச்சம் மேடாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

நிலத்துக்காரர் சொன்ன ‘ஆல்டர்’ என்ற பேச்சைத் தள்ளிவிடாதீர்கள். உங்கள் மேற்கு கார்க்கிலேயே, ஸ்கல் ஊருக்கு மேற்கே, கடலோரத்தில், ‘ஆல்டர்’ என்றே பெயர் பெற்ற ஒரு ஆப்புக் கல்லறை இருக்கிறது. கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை இருந்த காலத்தில் பாதிரியார்கள் அந்தத் தட்டைக்கல்லைப் பீடமாக வைத்துப் பூசை செய்தார்கள். 1989-இல் அதை அகழ்ந்தபோது எரிந்த மனித எலும்பும் ஒரு பல்லும் கிடைத்தன. பிற்காலத்தில் தோண்டிய ஒரு குழியில் கடல்நத்தை ஓடுகளும் மீன் முள்ளும் இருந்தன. கட்டியவர்கள் போய் நெடுங்காலம் கழித்தும் யாரோ வந்து அங்கே படையல் மாதிரி எதையோ வைத்திருக்கிறார்கள்! ‘பலிபீடம்’, ‘டியர்முட் கிரானியா படுக்கை’ (அயர்லாந்துப் பழங்கதையில் வரும் காதலர்கள்), ‘அரக்கன் கல்லறை’ என்று ஊர்க்காரர்கள் எதையாவது சுட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அதன் வயதும் வேலையும் வேறாக இருக்கலாம்.

மனைவியிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். நம் ஊர்க் கல்திட்டைகள் பெரும்பாலும் இரும்புக் காலத்தவை, ஐரிஷ் கல்லறைகளுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவை. உருவ ஒற்றுமையை வைத்து உறவு கொண்டாடும் வாட்ஸ்அப் செய்திகள் வரும், நம்ப வேண்டாம்.

சரி, திசையும் வடிவமும் ஒத்து வரவில்லை என்றால்? சரிவை ஒட்டிக் கட்டி, அடியில் வளைவான வாயும் மேலே கிணறு மாதிரிக் குழியும் இருந்தால் அது சுண்ணாம்புக் காளவாய். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு போட வட்டாரம் வட்டாரமாகக் கட்டினார்கள். மேலிருந்து கல்லையும் எரிபொருளையும் கொட்ட வசதியாகத்தான் சரிவைத் தேர்ந்தெடுத்தார்கள். தவழ்ந்து நுழைகிற வாயும் குவிந்த கூரையும் உள்ள, கல்லால் கட்டிய சின்ன அறை என்றால் வியர்வை வீடாக இருக்கலாம். உள்ளே புல்கரி (காயவைத்த சதுப்பு மண்) நெருப்பு மூட்டி, சாம்பலை வாரிவிட்டு, மூட்டுவலிக்காரர்கள் உட்கார்ந்து வியர்த்துவிட்டுப் பக்கத்து ஓடையில் குளிப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டு வரை இது நடந்தது. அயர்லாந்தின் வடமேற்கில் லீட்ரிம் பக்கம் அதிகம். தனியாக நிற்கும் கல் என்றால் கொஞ்சம் உஷார். மாடு உடம்பு தேய்க்க விவசாயியே நட்டதும் உண்டு. விளிம்பில் வரிசையாக வெட்டுக்கோடுகள் தெரிந்தால் மட்டும் நில்லுங்கள், அது ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்தாக இருக்கலாம். வட்டமான மண்வரப்போ கல்மதிலோ என்றால் பெரும்பாலும் ஆரம்ப இடைக்காலப் பண்ணைவீட்டின் கோட்டை. அவை மட்டும் 45,000 அளவில் இருக்கின்றன. குட்டித் தேவதைகள் குடியிருப்பதாகப் பயந்து உழவர்கள் கை வைக்காமல் விட்டதால் பிழைத்தவை பல.

அடுத்தது வரைபடம். கூகுளில் இல்லை என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே தொல்சின்னங்களைக் கவனிக்கும் அரசுத் துறையான நேஷனல் மான்யுமென்ட்ஸ் சர்வீஸின் ‘ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் வியூவர்’ வரைபடம் இணையத்தில் இலவசம். உங்கள் இடத்தைப் பெரிதாக்கினால், பதிவான சின்னத்தின் மேல் ஒரு புள்ளி இருக்கும். தொட்டால் வகையும் எண்ணும் வரும். கார்க் என்றால் எண்ணின் முன்னால் அந்தக் கவுண்டிக்கான (மாவட்டத்துக்கான) இரண்டெழுத்து இருக்கும். அப்புறம் 1830, 40-களில் அச்சான ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை வரைபடத்தையும் (ஒரு மைலுக்கு ஆறங்குல அளவு) பாருங்கள். அதில் தொல்சின்னங்களின் பெயரைப் பழைய கோதிக் எழுத்தில் போட்டிருப்பார்கள், காளவாயைச் சாதாரண எழுத்தில். எழுத்து வடிவமே பாதி பதில் சொல்லிவிடும். 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு எழுதிய நாட்டார் வழக்குத் தொகுப்பும் டூகாஸ் என்ற இணையதளத்தில் கிடைக்கிறது. உங்கள் பகுதியின் டவுன்லேண்ட் (அங்கே நிலத்தைப் பிரிக்கும் மிகச் சிறிய பிரிவு) பெயரைப் போட்டுத் தேடினால் அந்த ‘ஆல்டர்’ பற்றி யாராவது எழுதியிருக்கலாம்.

வரைபடத்தில் அந்தப் புள்ளி இல்லை என்றால் மனம் தளர வேண்டாம். கெர்ரியில் டிங்கிள் தீபகற்பத்தில் ‘சூரியப் பலிபீடம்’ என்று பெயர் கொண்ட ஒரு ஆப்புக் கல்லறை 19-ஆம் நூற்றாண்டிலேயே உடைத்து அழிக்கப்பட்டதாக நினைத்திருந்தார்கள். 1838-இல் ஒரு சீமாட்டி வரைந்த ஓவியத்தோடு மலையில் கிடந்த கற்களை ஒப்பிட்டு, 2024-இல் அதன் மிச்சத்தை அடையாளம் கண்டார்கள்.

புதிதாக ஒன்றைப் பதிவு செய்ய, நேஷனல் மான்யுமென்ட்ஸ் சர்வீஸுக்கு எழுதலாம். அதற்கு முன் நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்குங்கள். அயர்லாந்தில் அடுத்தவர் நிலத்தில் இஷ்டப்படி நடக்கும் உரிமை கிடையாது, காளை நிற்கும் வயலில் அதைச் சட்டமாகச் சொல்லவே தேவையில்லை. திறப்புக்கு நேராக ஒன்று, இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று, சுற்றுப்புறம் தெரியும்படி ஒன்று எனப் படம் எடுங்கள். அளவு தெரிய ஒரு குச்சியையோ தண்ணீர் பாட்டிலையோ பக்கத்தில் வையுங்கள். ஜிபிஎஸ் எண்களையும், போனில் பார்த்த திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே கிடக்கும் கல்லைப் புரட்டாதீர்கள், மண்ணைக் கிளறாதீர்கள். அனுமதி இல்லாமல் மெட்டல் டிடெக்டரோடு தொல்பொருள் தேடுவது அங்கே குற்றம்.