கெப் பின்கதவும் தோள்மூட்டும்: கராஜ் கேள்வி பதில்

மட்டக்களப்பு கல்லடியில் கராஜ் வைத்து 24 வருடமாகிறது. நாலு வருடத்துக்கு முன் ஒரு டபிள் கெப்பின் பின்கதவு என் வலது கையையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. கதவில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்குத் தோளில் தசைநார் கிழிந்து, ஆறு கிழமை இடது கையால் சோறு தின்றேன். பின்கதவு மெதுவாக இறங்க ஷொக் பூட்டுகிற வேலையில் நான் இறங்கியது அதற்குப் பிறகுதான். இன்றைக்கு அது பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பதில் சொல்லக்கூடியவை கீழே.

வாழைச்சேனை, மீன் வியாபாரி: அண்ணன், வலது தோள்மூட்டு விலகி, ஏற்றிக் கட்டி, இப்போது கட்டு அவிழ்த்துவிட்டார்கள். ஹைலக்ஸ் பின்கதவை ஒரு நாளைக்கு 20 தடவையாவது திறந்து மூட வேண்டும். ஷொக் பூட்டினால் கை தப்புமா?

பாதி தப்பும். எந்தப் பாதி என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள்.

திறக்கும்போது கதவு தானாக விழுகிறது. அதைப் பிடிக்கப்போகிற கைக்கு வருவது ஒரு வெட்டு இழுவை. விலகிப் பழகிய மூட்டுக்கு அதுதான் ஆகாது. மூடும்போது இழுவை இல்லை, தூக்கல். பூட்டும் கமராவும் வைத்த புதிய கதவு 30 கிலோ வரும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் பிணைச்சலில் நிற்பதால், மேல் ஓரத்தைப் பிடித்துத் தூக்குகிற உங்களுக்கு அதில் பாதி, 15 கிலோ. இந்த இரண்டு வேலைக்கும் ஒரே சாமான் உதவாது.

கடையில் எல்லாவற்றுக்கும் ஷொக் என்றுதான் பெயர். உள்ளே மூன்று சாதி. ஒன்று, கார் டிக்கியில் வருகிற காஸ் ஷொக். அது எந்நேரமும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டாவது எண்ணெய் டாம்பர். அது தள்ளாது, தாங்காது. வேகத்தை மட்டும் குறைக்கும். மூன்றாவது காஸால் உள்ளே இழுப்பது. இறக்கும்போதும் தூக்கும்போதும் கைகொடுப்பது அதுதான், ஆனால் தேடி எடுக்க வேண்டும்.

எது வேண்டும் என்று கடைக்காரரைக் கேட்காதீர்கள். ஒரு நூலைக் கேளுங்கள். வண்டியின் பின்பெட்டிச் சுவரில் ஷொக்கின் ஒரு முனை வரப்போகிற இடத்தில் நூலின் ஒரு நுனி, கதவின் பக்க ஓரத்தில் மறு முனை வருகிற இடத்தில் மறு நுனி. கதவை மூடிவைத்து ஒரு முடிச்சு, திறந்துவைத்து ஒரு முடிச்சு. திறக்கத் திறக்க நூல் நீளம் கேட்டால் அந்த இடத்துக்கு டிக்கி ஷொக் ஆகாது. அது கதவைத் தாங்காது, உதைத்துத் திறக்கும். பெட்டித் தளத்துக்கு மேலே எங்கே பிடித்தாலும் நூல் கூடத்தான் செய்யும். அங்கே எண்ணெய் டாம்பர், இல்லையென்றால் இழுக்கிற சாதி.

அப்புறம், இதைக் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கப்போகிறேன்: கதவின் இரண்டு பக்கமும் இருக்கிற கம்பிக் கயிற்றைக் கழற்றாதீர்கள். திறந்த கதவு தொங்க வேண்டியது கயிற்றில். கயிறு இறுகும் நேரம் ஷொக்கில் அரை அங்குல ஓட்டம் மிச்சம் இருக்க வேண்டும்.

நூலைப் பிடித்து அளவை எழுதுங்கள், மீதியைப் பார்ப்போம்.

களுவாஞ்சிக்குடி: விலை எவ்வளவு வரும்?

எந்த வண்டி, எந்த வருடம், எந்தச் சாதி ஷொக்? மூன்றும் தெரியாமல் விலை சொல்கிறவரிடம் வாங்காதீர்கள்.

செங்கலடி, ரீச்சர் ஒருவர்: இவருக்குத் தோள் இறுகிப்போய்க் கை தலைக்கு மேலே போகாது. சீனி வருத்தமும் இருக்கிறது. ஷொக் பூட்டினால் வண்டியை அவரே பாவிக்கலாமா, என்ன பயிற்சி செய்ய வேண்டும்?

ரீச்சர், நான் கராஜ்காரன். சீனி வருத்தக்காரருக்குத் தோள் இறுகுவது அதிகம் என்று எனக்கும் கிளினிக்கில்தான் சொன்னார்கள். பயிற்சியைப் போதனா வைத்தியசாலையில் பிசியோதெரபி செய்கிறவர்களிடம் கேளுங்கள். என் கதை வேறு, அவர் கதை வேறு. கதவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கைபிடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு கயிற்று வளையம் போடுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, சுகமான கையால் வளையத்தைப் பிடித்து, கால் வைத்துப் பின்னால் நகர்ந்து இறக்கட்டும். காசில்லாத வேலை. ஷொக் வருவதற்கு முன்பே பலன் தெரியும்.

ஏறாவூர்: ஷொக் பூட்டிய பிறகு அந்தக் கம்பிக் கயிறு தேவையில்லைத்தானே? கழற்றினால் பார்க்க வடிவாக இருக்கும்.

மேலே வாசிக்கவில்லை. கழற்றாதீர்கள்.

கல்முனை, கராஜ் வைத்திருப்பவர்: டிக்கி ஷொக் ஆகாது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள். நான் இதுவரை ஏழு கெப்புக்கு ரெக்கண்டிஷன் கார் டிக்கி ஷொக்தான் பூட்டிக் கொடுத்தேன். எல்லாம் பஞ்சு மாதிரி இறங்குது. வந்து பாருங்கள் தம்பி.

பெட்டித் தளத்துக்கு மேலே பூட்டியிருந்தால் நம்பமாட்டேன், காக்கா. எங்கே பூட்டினீர்கள்?

கல்முனை: மேலே என்று யார் சொன்னது? செஸியில் ஒரு இரும்புப் பட்டை அடித்து, பிணைச்சலுக்கு 25 சென்ரிமீற்றர் கீழே, கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு முனை. மற்ற முனை கதவின் பக்க ஓரத்தில், பிணைச்சலிலிருந்து 12 சென்ரிமீற்றரில். உங்கள் நூலையே பிடித்துப் பாருங்கள்.

பிடித்தேன். ராத்திரி எட்டு மணிக்கு, கராஜில் நின்ற எல்200 கெப்புக்குக் கீழே ரோர்ச்சோடு படுத்துக்கொண்டு. மூடியிருக்கும்போது 37 சென்ரிமீற்றர், திறந்தால் 30. நூல் குறைகிறது. காக்கா சொன்னது சரி, நான் தளத்துக்கு மேலே மட்டும் யோசித்து எழுதிவிட்டேன்.

கணக்கையும் போட்டுப் பார்த்தேன், நல்ல கணக்குத்தான். 30 கிலோக் கதவு, அரை மீற்றர் உயரம். படுக்கையாகத் திறந்திருக்கும்போது பிணைச்சலைச் சுற்றி அது திருப்புகிற விசை 73 நியூட்டன் மீற்றருக்குக் கிட்ட. உடம்பில் 400 நியூட்டன் என்று அடித்த ஒரு ஷொக், அந்த நிலையில் பிணைச்சலிலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளி நின்று தள்ளுகிறது. 40 அதிலேயே போய்விடும். மேல் ஓரத்தைத் தூக்குகிற கைக்கு 15 கிலோவுக்குப் பதிலாக ஏழு. கதவு நிமிர்ந்து நிற்கும்போது மட்டும் இந்த ஷொக் அதைக் கொஞ்சம் வெளியே தள்ளும். சற்றுச் சாய்ந்ததும் திசை மாறித் தாங்கத் தொடங்கும். இறக்கமும் தூக்கலும் இரண்டும் சுகம். என் எண்ணெய் டாம்பர் தூக்குவதற்கு ஒன்றும் செய்யாது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி. அந்த இடம் பின் சில்லுக்கு நேர் பின்னால் இருக்கிறது. சேறு அடித்தால்?

சம்மாந்துறை, விவசாயி: இடையில் வருகிறேன், குறை நினைக்க வேண்டாம். பெரும்போக வெட்டு நேரம் வட்டைக்குள் கெப் இறங்கினால் திரும்பி வரும்போது கீழே இரும்பே தெரியாது, சேறுதான் தெரியும். காக்காவின் ஷொக் எனக்கு ஒரு போகம்தான் தாங்கியது.

இதைத்தான் கேட்டேன். ஷொக்கின் தண்டு பளபளவென்று இருக்கிற வரைக்கும்தான், காஸை உள்ளே அடைத்துவைக்கிற சீல் உயிரோடு இருக்கும். காய்ந்த சேறு உப்புத்தாள் மாதிரி. தண்டில் ஒரு கீறு விழுந்தால் காஸ் போக வழி கிடைத்துவிடும். காக்கா, சிலிண்டரைக் கீழேயும் தண்டை மேலேயும் திருப்பிப் பூட்டினால் சேறு குறையாதா?

கல்முனை: நீங்கள் கராஜ்காரர் தானே தம்பி? தண்டு கீழே பார்த்தால்தான் உள்ளே இருக்கிற கொஞ்ச எண்ணெய் சீல் பக்கம் நிற்கும். திருப்பினால் சீல் காய்ந்து, சேறு இல்லாமலே போகும்.

தெரியும். தெரிந்துதான் கேட்டேன், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்க்க. சேறுக்காக மேலே திருப்பவும் முடியாது, சீலுக்காகக் கீழே விட்டால் சேறு. இப்படிப் பூட்டுவதில் இருக்கிற வில்லங்கமே இதுதான்.

கல்முனை: வில்லங்கம் ஒன்றும் இல்லை. மோட்டார் சைக்கிள் முன் போர்க்கில் வருகிற மடிப்பு ரப்பரை வெட்டித் தண்டுக்குப் போட்டு, இரண்டு முனையும் கட்டுகிறேன். சம்மாந்துறைக்காரருடையது ரப்பருக்கு முன்னைய காலத்து வேலை. கொண்டுவந்தால் மாற்றித் தருவேன், கூலி வேண்டாம்.

அந்த யோசனையை நான் எடுத்துக்கொள்கிறேன், சொல்லிவிட்டே எடுக்கிறேன். ரப்பரின் அடியில் சின்ன ஓட்டை ஒன்று விட்டுவிடுங்கள், தண்ணீர் நின்றால் கறள் பிடிக்கும்.

பொத்துவில்: இந்த உரையாடலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். எனக்கு இதே மாதிரி கீழே இரண்டு பக்கமும் 400 போட்டார்கள். இப்போது கதவு முழுதாக இறங்காமல் பாதியில் மிதக்கிறது.

இரண்டு நாற்பது எண்பது. கதவு 73. மிதக்காமல் என்ன செய்யும்? ஒன்றைக் கழற்றுங்கள், அல்லது இரண்டையும் 200 ஆக்குங்கள். கதவு முறுக்காமல் இருக்க இரண்டு 200 நல்லது.

நிந்தவூர்: டிக்கி ஷொக்கின் முனை எங்கள் வண்டிக்குப் பொருந்தவில்லை. முனையை வெட்டி வேறொன்றை வெல்டிங் பிடிக்கலாமா?

வேண்டாம். விளையாட்டாகச் சொல்லவில்லை. 8 மில்லிமீற்றர் தண்டு 400 நியூட்டன் தள்ள வேண்டுமென்றால் உள்ளே கிட்டத்தட்ட 80 வளிமண்டல அழுத்தம் இருக்க வேண்டும். கார் டயரில் இருப்பது இரண்டு. அதன்மேல் வெல்டிங் நெருப்பும் பிடிக்கக் கூடாது, ட்ரில்லும் வைக்கக் கூடாது. பழசானாலும் அப்படித்தான், வேலை செய்யாத ஷொக்கிலும் காஸ் மிச்சம் இருக்கும். வெல்டிங்கை வண்டிப் பக்கப் பட்டையில் பிடியுங்கள், ஷொக் கையில் இல்லாத நேரத்தில்.

கொக்கட்டிச்சோலை: பட்டா லொறிக்கும் இதைப் பூட்டலாமா?

பூட்டலாம், பலன் இல்லை. அந்தக் கதவு முழுதாகத் தொங்குகிற கதவு. ஒரு துண்டு ரப்பரை அடியில் ஒட்டுங்கள், சத்தமாவது குறையும்.

திருக்கோவில்: கதவைத் திறந்தபடி மோட்டார் சைக்கிளை ஏற்றிப் பின் சில்லைக் கதவில் வைத்துக் கட்டிப் போகிறோம். ஷொக் பூட்டினால் கதவுக்கு இன்னும் பலம்தானே?

இல்லை. ஷொக் கதவுக்குப் பலம் கொடுக்கிற சாமானே இல்லை. ஓரத்தில் 100 கிலோ வைத்தால், 45 பாகை சாய்ந்து நிற்கிற கயிறு ஒவ்வொன்றும் 70 கிலோ சுமக்கிறது. குழியில் விழுந்தால் அதற்கு மேல். போகும் முன் கயிற்றின் இரண்டு முனையையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு இழை அறுந்து குத்தினாலும் இரண்டு கயிற்றையும் மாற்றுங்கள். கயிற்றை மாற்றுங்கள் என்றேன், கழற்றிவிடுங்கள் என்று சொல்லவில்லை.

மருதமுனை: கடற்கரை வீடு. ஷொக் தண்டுக்குக் கிறீஸ் பூசலாமா?

கூடாது. மணல் ஒட்டும். நல்ல தண்ணீரால் கழுவி, மெல்லிய துணியால் துடையுங்கள். முனைக் குண்டுகளுக்குக் கிறீஸ் போடலாம்.

அக்கரைப்பற்று: விலை எவ்வளவு?

ஓட்டமாவடி: ஒரு சோடி என்ன விலை, மட்டக்களப்பில் எங்கே எடுக்கலாம்?

கல்லாறு: விலையை யாரும் சொல்லவில்லையே?

களுவாஞ்சிக்குடிக்குச் சொன்ன பதில் மூவருக்கும். இனிமேல் விலை கேட்டால் கம்பிக் கயிற்றைப் பற்றித்தான் எழுதுவேன்.

வாழைச்சேனை, மீன் வியாபாரி: அண்ணன், நூல் பிடித்தேன். சேறும் உப்புத் தண்ணீரும் உள்ள வேலை என்பதால் மேலேதான் இடம் பார்த்தேன். மூடினால் 8 அங்குலம், திறந்தால் 14. கதவில் பிடித்த இடம் பிணைச்சலிலிருந்து 6 அங்குலம்.

கேட்டதைச் செய்தவர் நீங்கள் ஒருவர்தான். இந்த அளவில் டாம்பர் அமராது. 6 அங்குலம் ஓட வேண்டிய டாம்பர் மடங்கி நிற்கும்போதும் அந்த 6 அங்குலத் தண்டை உள்ளே வைத்திருக்க வேண்டும், அதோடு பிஸ்டன், சீல், இரண்டு முனைக் குண்டு. எட்டுக்குள் அடங்காது. கதவுப் பக்க முனையைப் பிணைச்சலுக்கு 2 அங்குலம் கிட்ட இறக்கி மறுபடி பிடியுங்கள். எட்டும் பன்னிரண்டரையும் போல வரும். அதற்கு டாம்பர் இருக்கிறது. கிட்டப் போனால் டாம்பரின் மேல் இழுவை கூடும், அதனால் தடித்த தண்டாகப் பார்த்து, ஒரு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. தூக்குவதற்கு அது உதவாது என்பது ஞாபகம் இருக்கட்டும். மூடும் வேலையைக் கூட வருகிற பொடியனிடம் விடுங்கள்.

சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவாருங்கள். ஐஸ் பெட்டியை வீட்டில் இறக்கிவைத்துவிட்டு.