ஒன்பது எலிக்குட்டி, ஒரே பெட்டி: ஆண் எது, பெண் எது, எங்கே வைப்பது?

கேள்வி: வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி பிளாட்டில் இருக்கிறோம். மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் ஆசைப்பட்டுக் கேட்டதால் இரண்டு வெள்ளை எலி வாங்கிக் கொடுத்தோம். இரண்டும் பெண் என்றுதான் கடையில் சொன்னார்கள். மே 4ஆம் திகதி அதில் ஒன்று ஒன்பது குட்டி போட்டது. இன்று 17ஆம் நாள், குட்டிகள் கண் திறந்துவிட்டன. பல்கனியில், மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கின்றன. குட்டிகளில் ஆண், பெண் எப்படிக் கண்டுபிடிப்பது? எப்போது பிரிக்க வேண்டும்? எந்தக் கூடு நல்லது? பக்கத்து வீட்டு அன்ரி எல்லாவற்றையும் கால்வாய்ப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார். மகன் அழுகிறான்.

பதில்: அம்மா, இதை முழுதாக வாசிக்க முன்னம் ஒரு வேலையைச் செய்துவிட்டு வாருங்கள். குட்டி போடாத அந்தப் பெரிய எலியை எடுத்து வேறொரு பெட்டியில் தனியாக விடுங்கள். அனேகமாக அதுதான் அப்பா. வாலடியைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். கொழும்பு வெயிலுக்கு வளர்ந்த ஆணின் விதைப்பை நன்றாக இறங்கித் தொங்கும்.

ஏன் இந்த அவசரம் என்று கேட்பீர்கள். பெண் எலி குட்டி போட்ட 24 மணித்தியாலத்துக்குள்ளேயே திரும்பவும் இணைசேரத் தயாராகிவிடும். ஆண் பக்கத்தில் இருந்தால் அன்றைக்கே சினைப்பட்டிருக்கும். சாதாரணமாக எலியின் சினைக்காலம் 21 முதல் 23 நாள். பால் கொடுத்துக்கொண்டே சினையாக இருந்தால் கரு ஒட்டுவது பிந்துவதால் இன்னும் ஒரு கிழமை வரை இழுக்கலாம். உங்கள் கணக்குக்கு மே 26க்கும் ஜூன் 3க்கும் இடையில் அடுத்த ஈற்று வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. அந்த நேரமும் அப்பா கூடவே இருந்தால் மூன்றாவது ஈற்றும் உறுதி. ஒரு ஈற்றில் ஆறு முதல் பன்னிரண்டு குட்டி சாதாரணம். தாய்க்கு உடம்பில் மிஞ்ச என்ன இருக்கும்? இந்த நாட்களில் அதற்கு அவித்த முட்டையும், பருப்புச் சோறும், கொஞ்சம் கீரையும் தாராளமாகக் கொடுங்கள்.

சரி, இனிக் குட்டிகளுக்கு வருவோம்.

எலியில் ஆணுக்கு முலைக்காம்பே கிடையாது. பெண்ணுக்கு ஆறு சோடி, மொத்தம் பன்னிரண்டு. பிறந்து ஒன்பது நாள் தொடக்கம் பன்னிரண்டு நாள் வரை, வயிற்றில் முடி மெல்லிசாக இருக்கும்போது, அவை சின்னச் சின்னப் புள்ளியாக இரண்டு வரிசையில் தெரியும். குட்டி ஆணா பெண்ணா என்று சொல்ல அதைவிட இலகுவான காலம் இல்லை. உங்கள் குட்டிகளுக்கு அந்த நாட்கள் கடந்துவிட்டன, இப்போது முடி மூடியிருக்கும். அடுத்த ஈற்று வந்தால் ஒன்பதாம் நாளே வயிற்றைத் திருப்பிப் பார்த்துக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

இப்போது பார்க்க வேண்டியது இடைவெளியை. வாலைக் கொஞ்சம் தூக்கினால் மலவாய் தெரியும். அதற்கு முன்னால், வயிற்றுப் பக்கமாக, சிறுநீர் போகும் ஒரு சின்ன மொட்டு இருக்கும். இந்த மொட்டு ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. மொட்டைக் கண்டதும் ஆண் என்று முடிவு கட்டுவதுதான் வழக்கமான பிழை. மொட்டுக்கும் மலவாய்க்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு. ஆணில் அந்தத் தூரம் பெண்ணில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெண்ணில் இரண்டும் நெருங்கி ஒட்டினாற்போல் இருக்கும்.

ஒரு குட்டியைத் தனியே பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும். நான் செய்வது இது. மதியம் சூடாக இருக்கும் நேரம், மடியில் ஒரு துவாயை விரித்து, நல்ல வெளிச்சத்தில் இரண்டு குட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பேன். மூன்றாவது நான்காவதில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்துவிடும். அதன் பிறகு மற்றவை எந்தப் பக்கம் என்று பிரிப்பது கஷ்டமில்லை. குட்டியை உள்ளங்கையில் தாங்கிப் பிடிக்க வேண்டும். வாலின் நுனியைப் பிடித்துத் தூக்கவே கூடாது. தோல் அப்படியே உரிந்து வந்துவிடும், திரும்ப வளராது. இதைத் தம்பிக்கும் சொல்லிக் கொடுங்கள். மொபைலில் கிட்டவாகப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதும் நல்ல யோசனை, குட்டியை நீண்ட நேரம் பிடித்து வைத்திருக்கத் தேவையில்லை.

விதை இறங்குவது மூன்று நான்கு கிழமையில்தான். அதனால் மே 25 அளவில் இரண்டாம் தரம் பாருங்கள், ஜூன் 1ஆம் திகதி மூன்றாம் தரம். ஒன்றை மறக்க வேண்டாம்: எலி தன் விதையை வயிற்றுக்குள்ளே இழுத்துக்கொள்ளக் கூடியது. பயந்தாலும் குளிர்ந்தாலும் உள்ளே போய்விடும். குளிரூட்டிய கடைக்குள், கண்ணாடித் தொட்டியிலிருந்து சட்டென்று பிடித்துத் தூக்கிய இளம் ஆண் பெண்ணைப் போலவே இருக்கும். உங்கள் இரண்டு "பெண்" எலியும் வந்த கதை அனேகமாக இதுதான். பை தெரிந்தால் ஆண் என்று நிச்சயமாகச் சொல்லலாம். பை தெரியவில்லை என்பதற்காகப் பெண் என்று சொல்லிவிட முடியாது, அப்போதும் இடைவெளியைத்தான் நம்ப வேண்டும்.

எது எது என்று அடையாளம் வைக்க, கேக்குக்குப் போடும் உணவு நிறத்தில் ஒரு துளியை ஆண்களின் வாலடியில் தொட்டுவிடுங்கள். தாய் நக்கினாலும் பயமில்லை. இரண்டு மூன்று நாளில் மங்கும், திரும்பப் பூச வேண்டும்.

பிரிக்கும் நாள்: ஆண் குட்டிகள் ஐந்து கிழமையில் சினைப்படுத்தும் வலு பெற்றுவிடலாம். தாய், சகோதரி என்ற வேறுபாடு அவற்றுக்கு இல்லை. ஆகவே 30ஆம் நாளுக்கும் 35ஆம் நாளுக்கும் இடையில், அதாவது ஜூன் 3 முதல் 8க்குள், ஆண்கள் எல்லாம் வெளியே வந்துவிட வேண்டும். எட்டாம் திகதியைத் தாண்ட விடாதீர்கள். அதற்காக இப்போதே பிரிக்கவும் வேண்டாம், இன்னும் பால் குடிக்கும் வயது. தாய் அதற்கு முன்னம் புது ஈற்றுப் போட்டுவிட்டால், 28 நாள் முடிந்த குட்டிகள் தாங்களே சாப்பிடும், பெண் குட்டிகளையும் தனிக் கூட்டுக்கு மாற்றி அவளை நிம்மதியாக விடலாம்.

பிரித்த ஆண் குட்டிகளை அப்பாவுடன் சேர்க்கலாம். எலி கூட்டமாக வாழும் பிராணி, தனிமை அதற்கு ஆகாது. இந்த இரண்டு கிழமையும் அப்பா தனியாக இருப்பதால் தம்பி தினமும் கொஞ்ச நேரம் அதைக் கையில் எடுத்து விளையாடட்டும். சேர்க்கும் நாளில் நேராகக் கூட்டுக்குள் போடாமல், குளியலறைத் தரையில் பழைய பாயை விரித்து அங்கே சந்திக்க விட்டுப் பாருங்கள். மோப்பம் பிடிப்பதும் மேலே ஏறிப் படுப்பதும் சரி. முடியைச் சிலிர்த்துக்கொண்டு கடித்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு அடுத்த நாள் பாருங்கள்.

இனி அந்தப் பெட்டி. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது அதுதான். மூடியில் ஓட்டை போதாது. சிறுநீரிலிருந்து வரும் அமோனியா காற்றோட்டம் இல்லாமல் பெட்டிக்குள்ளேயே நிற்கும், எலியின் நுரையீரலோ மிகவும் பலவீனமானது. அடிக்கடி தும்மல், மூச்சில் கிளிக் கிளிக் என்ற சத்தம், கண்ணோரம் சிவப்பாக நீர் கசிவது, இதெல்லாம் அறிகுறி. அந்தச் சிவப்பு இரத்தம் இல்லை, கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு சுரப்பியின் நிறம். ஆனால் உடம்புக்கு ஏதோ சரியில்லை என்று அது சொல்கிறது, மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கம்பிக் கூடு வாங்குங்கள். ஒரு எலிக்குக் குறைந்தது இரண்டு கன அடி என்று கணக்குப் போடுங்கள். கடைக்குப் போகும்போது ஒரு அடிமட்டத்தைக் கொண்டு போய்க் கம்பி இடைவெளியை அளந்து பாருங்கள், 12 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. தலை நுழைந்தால் குட்டி முழுதும் நுழைந்துவிடும். கூட்டின் தரை கம்பியாக இருந்தால் பாதம் புண்ணாகும், மேலே தட்டையான பலகையோ துணியோ போடுங்கள். உடனே வாங்க வசதியில்லையா? இருக்கிற பெட்டியின் மூடியையும் ஒரு பக்கத்தையும் சதுரமாக வெட்டி, அரை அங்குல வலையைக் கேபிள் டையால் இறுக்கிக் கட்டினால் ஒரு மாதத்துக்குத் தாங்கும். தச்சுப் பட்டறை மரத்தூள் வேண்டவே வேண்டாம். தூசும் மரத்துக்கு அடித்த மருந்தும் மூச்சைக் கெடுக்கும். கிழித்த கடதாசியும் பழைய பருத்தித் துணியும் போதும். மாற்றும்போது தாயின் கூட்டுத் துணியில் பாதியை அப்படியே விட்டுவிடுங்கள், தன் வாசம் இல்லாவிட்டால் அவள் கலங்கிப்போவாள்.

பல்கனியிலிருந்து இன்றைக்கே உள்ளே எடுங்கள். எலிக்கு வியர்க்காது, வாலால்தான் சூட்டை வெளியேற்றும். 30 பாகைக்கு மேலே போனால் தவிக்கும், கொழும்பில் அது பெரும்பாலும் எல்லா மத்தியானமும். வெயில் படாத, காற்றோட்டமான அறை மூலையில் வையுங்கள். கடும் சூட்டில் தண்ணீர்ப் போத்தலை உறைய வைத்துத் துணியில் சுற்றிக் கூட்டின் ஒரு பக்கம் வைத்தால் தாமே வந்து சாய்ந்து படுக்கும். அந்த அறையில் நுளம்புச்சுருள் கொளுத்தாதீர்கள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகையும் அங்கே வேண்டாம். நுளம்புக்குக் கூட்டின் மேல் வலையைப் போட்டுவிடலாம், ஆனால் கம்பியிலிருந்து ஒரு சாண் தள்ளி, இல்லாவிட்டால் ஒரே இரவில் கடித்துக் கிழித்துவிடும்.

எறும்பைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் பிறந்து மூன்றே நாளான குட்டிகள் ஒரு இரவில் எறும்புக்குப் பலியானதைக் கண்டிருக்கிறேன். தாய் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு கூட்டைச் சுற்றி ஓடியிருக்கிறது, கொண்டுபோய் வைக்க இடமில்லை. அடுத்த ஈற்று வரமுன்னம் கூட்டை ஒரு மேசையில் ஏற்றி, நான்கு காலையும் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் வையுங்கள். மேசை சுவரைத் தொடக் கூடாது.

எலி என்றதும் எலிக்காய்ச்சல் வருமோ என்று பயப்படுவது நியாயமானது. மழைக்காலம் வேறு தொடங்கிவிட்டது. அந்தக் கிருமி காட்டு எலியின் சிறுநீரில் வரும். குழாயைப் பிடித்து மூன்றாம் மாடிக்கு ஏற அவற்றுக்குச் சிரமமே இல்லை, பல்கனி வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம். தீனியை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். எலியைத் தொட்டபின் தம்பி சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், முத்தம் கொடுக்கக் கூடாது. கடித்தால் உடனே கழுவி வைத்தியரிடம் காட்டுங்கள். யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் வீட்டில் எலி வளர்க்கிறோம் என்று முதலிலேயே சொல்லுங்கள். கட்டடத்தில் எலிப்பாஷாணம் வைப்பார்களா என்றும் கேட்டு வையுங்கள். எலியால் வாந்தி எடுக்க முடியாது, தின்றால் தின்றதுதான்.

அன்ரி சொன்னதைச் செய்ய வேண்டாம். கையால் தீனி தின்று வளர்ந்த வெள்ளை எலிக்கு ஒளியத் தெரியாது. கால்வாய்க் கரையில் கபரக்கொய்யா (பெரிய நீர் உடும்பு) படுத்துக் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள், காகங்களும் சும்மா இருக்காது. ஆறு கிழமை ஆனதும் ஆணோடு ஆண், பெண்ணோடு பெண் என்று இரண்டு இரண்டாக, வளர்க்கத் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது வாங்குபவரின் கண்முன்னே வாலடியைக் காட்டிக் கொடுங்கள்.

ஜூன் 8 வந்தும் ஒரு குட்டியில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், அதை எந்தப் பக்கமும் சேர்க்காமல் ஒரு சின்னக் கம்பிக் கூட்டில் விட்டு, சகோதரிகளின் கூட்டோடு ஒரு கை தள்ளி வைத்து, மறுநாளே மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.