குளத்தில் போய் முடியும் ஓடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் தெருவில் கட்டும் சிமெண்ட் ஓடை நேராகப் பாசனக் குளத்தில் விழுகிறது. "மழைத்தண்ணீர்தானே, குளத்துக்கு நல்லது" என்கிறார்கள். உண்மையா? – வாசகி, சுசீந்திரம் அருகே

இல்லை அம்மா. கோடை முழுவதும் சாலையில் படிந்த எண்ணெய், டயர்த் தூள், சாணம், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் முதல் மழை வழித்துக்கொண்டு வரும். முன்பு அந்தத் தண்ணீர் புல்லிலும் வயலிலும் தங்கித் தங்கி, அழுக்கை வழியிலேயே இறக்கிவிட்டுத்தான் குளத்தை அடைந்தது. சிமெண்ட் ஓடையில் அதற்கு வாய்ப்பே இல்லை.

அதைவிட என்னை வருத்துவது வேறொன்று. இன்று மழைநீருக்கென்று கட்டிய ஓடையில் நாளை ஒரு வீட்டுக் குளியலறைக் குழாய் சேரும். அதைப் பார்த்து அடுத்த வீடும் சேர்க்கும். நான் சிறுவயதில் குளித்த மடையில் இன்று கால் வைக்க முடியாததற்கு இப்படிச் சேர்ந்த குழாய்களே காரணம். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, மாசு கலந்த கழிவை நீர்நிலையில் விடுவதைத் தடை செய்கிறது.

வேலை முடியும் முன்பே கிராம சபையில் எழுதிக் கொடுங்கள். ஓடை வாயில் கம்பித் தடுப்பும் வண்டல் தொட்டியும் வேண்டும். அதைத் தாண்டிச் சம்புப் புல்லும் கோரைப் புல்லும் அடர்ந்த ஓர் ஆழமற்ற பள்ளம் வேண்டும். தண்டுகள் நீரின் வேகத்தைக் குறைக்க, வண்டல் அடியில் படியும். வேரை ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும். நமக்கு இரண்டு பருவமழை. ஜூனுக்கு முன் ஒரு முறை, அக்டோபருக்கு முன் ஒரு முறை தொட்டியை யார் தூர்வாருவது என்பதையும் தீர்மானத்திலேயே சேருங்கள். இதை விட்டுவிட்டால் மற்றவை அத்தனையும் வீண்.

குளத்தை ஒரே சீராக ஆழப்படுத்தி, சுற்றிலும் கல் பதிக்கப் பணம் திரட்டுகிறோம். ஆலோசனை சொல்லுங்கள். – இளைஞர்கள், தேரூர்

உங்கள் ஆர்வம் பெரிது. திட்டத்தை மட்டும் மாற்றுங்கள். நடுவில் தூர்வாருங்கள், ஓரத்தைச் சரிவாக விடுங்கள். முழங்கால் ஆழத் தண்ணீர் இல்லாவிட்டால் அரிவாள் மூக்கனும் நாரையும் எங்கே இரை தேடும்? சுசீந்திரம்–தேரூர் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. குளத்துக்குப் பொறுப்பான அரசுத் துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் பொக்லைனை இறக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டு ஈரநிலப் பாதுகாப்பு விதிகளின்படி இத்தகைய இடங்களில் சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆகாயத்தாமரைக்குக் களைக்கொல்லி அடிக்கலாமா? – விவசாயி, தோவாளை

வேண்டாம். அத்தனையும் நீருக்குள்ளேயே அழுகி, மீனுக்கு உயிர்க்காற்று இல்லாமல் போகும். பூக்கும் முன் வாரி, கரையிலிருந்து தள்ளிக் குவித்து மட்கவிடுங்கள். மீண்டும் மீண்டும் மண்டினால் எங்கோ சாக்கடை கலக்கிறது, அதைத் தேடுங்கள்.

பாறசாலைப் பக்கம் அப்பாவின் வயல் பத்து ஆண்டுகளாகத் தரிசு. மண் அடித்து மனையாக்கலாமா? – வாசகர், களியக்காவிளை

அது கேரள எல்லைக்குள் இருப்பதால் 2008-ஆம் ஆண்டின் நெல்வயல்–ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். தரிசாகக் கிடப்பதால் மட்டும் விலக்கு கிடைக்காது. கிருஷிபவனில் (அங்குள்ள வேளாண் அலுவலகம்) தரவு வங்கியை, அதாவது நெல்வயல், ஈரநிலங்களின் பதிவேட்டைப் பாருங்கள். உங்கள் வயல் அதில் இருந்தால், வேறு இடமே இல்லாதவர் சொந்த வீடு கட்ட, அந்தச் சட்டப்படி அமைந்த குழுவின் அனுமதியோடு பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட் வரைதான் வழி உண்டு.

என்னைக் கேட்டால், ஒரு பூவாவது நெல் விதையுங்கள். மேட்டிலிருந்து வரும் மழைநீர் அந்த வயலில்தான் இறங்கி நிற்கிறது. அதை மூடினால் தண்ணீர் அடுத்த வீட்டு முற்றத்துக்குப் போகும்.