செவிலி பார்த்து வந்து சொன்னது

கேள்வி: பழைய வடாற்காடு மாவட்டத்தில் செவிலியர் கல்வி மேம்பட, இன்னும் நிறையக் கல்லூரிகள் திறந்தால் போதுமா? (வாசகர், குடியாத்தம்)

பதில்: ‘செவிலியர்’ என்று எழுதினீர்களே, முதலில் அதற்கு நன்றி. இந்தச் சொல்லுக்காக இதே பக்கத்தில் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். ‘சர்க்கார் உண்டாக்கிய சொல், நர்ஸ் என்றே எழுதுங்கள்’ என்று இன்றும் கடிதம் வருகிறது. சர்க்கார் உண்டாக்கியது இல்லை ஐயா, சங்க காலத்துச் சொல்.

குறுந்தொகையில் ஒரு பாட்டு. மணமான மகள் எப்படிக் குடும்பம் நடத்துகிறாள் என்று செவிலித்தாய் போய்ப் பார்த்து வந்து, பெற்ற தாயிடம் சொல்கிறாள். ‘நன்றாக இருக்கிறாள்’ என்று ஒரே வரியில் முடிக்கவில்லை. தயிர் பிசைந்த விரலைத் துடைத்த சேலையைத் துவைக்காமலே உடுத்தியிருந்தாள், தாளிப்புப் புகை கண்ணை நிறைத்தது, அவள் துழாவிச் சமைத்த புளிக்குழம்பை ‘இனிது’ என்று கணவன் உண்டதும் முகம் லேசாக மலர்ந்தது என்கிறாள். அந்த ‘லேசாக’ என்பதைக்கூடக் கவனித்திருக்கிறாள் பாருங்கள்! டியூட்டி மாறும்போது ஒரு சிஸ்டர் அடுத்த சிஸ்டரிடம் சொல்ல வேண்டியதும் இப்படித்தான். பார்க்கவும் பார்த்ததைச் சொல்லவும் பழக்குவதுதான் செவிலியர் கல்வி.

போன வருஷம் என் அக்கா ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். பயிற்சிக்கு வந்த பெண்ணிடம் ‘மாரைக் கரிக்குதும்மா’ என்றாள். அந்தப் பெண்ணுக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் இங்கிலீஷில் அல்லவா எழுத வேண்டும்? பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றவள், கடைசியில் ‘பெயின்’ என்று எழுதிவிட்டுப் போனாள். கரிப்பும் வலியும் ஒன்றா? திருத்திச் சொல்ல டியூட்டர் பக்கத்தில் இல்லை. எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. தனியாக விட்டவர்கள்மேல்தான் வந்தது.

சரி, கல்லூரிக்கு வருகிறேன். வேலூருக்கு இது புதிய படிப்பு இல்லை. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-லேயே செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். 1946-ல் அது பட்டப்படிப்பானது. நாட்டில் அந்தப் படிப்பு தொடங்கியதே அந்த ஆண்டில்தான், இங்கேயும் டெல்லியிலும். உங்கள் குடியாத்தம் சாலையில்தான் அந்த அம்மா வண்டியை மரத்தடியில் நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தார். படிப்பு கட்டிலண்டை, நோயாளியண்டை இருக்கிறது. கட்டடம் எத்தனை எழுப்பினாலும் மாணவிக்கு வார்டும், வார்டில் கூடவே நிற்கும் டியூட்டரும் வேண்டும். நைட் டியூட்டியிலும் வேண்டும். அடுக்கம்பாறையிலும் வாலாஜாவிலும் உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியிலும் நோயாளிகளுக்கா பஞ்சம்? அப்புறம், நோயாளி சொன்னதை முதலில் தமிழில் அப்படியே எழுதட்டும். இங்கிலீஷ் அதற்குக் கீழே வரட்டும். வேலூர் வார்டில் தெலுங்கும் வங்காளமும் கேட்கும். அவற்றில் ‘எங்கே வலிக்கிறது, சாப்பிட்டீர்களா’ என்ற அளவுக்காவது சொல்லிக்கொடுக்கலாம்.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு மாணவிகள் பயிற்சிக்கு வந்தால், டியூட்டர் கூட நிற்கிறாரா என்று பார்த்து எழுதுங்கள். நீங்கள் எழுதியதை அப்படியே போடுகிறேன்.