ரோபோ கையுறை வாங்கலாமுங்களா? நரம்பு, அறுவை, மறுவாழ்வு: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "புதுசா ஒண்ணு வந்திருக்குதாமே" என்றுதான் ஆரம்பிக்கின்றன. புதிது என்பதற்காகவே ஒரு சிகிச்சை நல்லதாகிவிடாது. எதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், எத்தனை பேரிடம் பார்த்தார்கள் என்று கேட்டாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். பதில்களையும் அந்தக் கண்ணோடுதான் எழுதியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்கள் வேண்டாம், ஊர் மட்டும் போதும்.

கோபிசெட்டிபாளையம்: எங்க மாமனார் ராத்திரி ஒன்பதரைக்கு நல்லாத்தான் படுத்தாருங்க. காலையில அஞ்சு மணிக்கு எழுப்பினா வலது கை, கால் விளங்கலை, வாய் கோணிக்கிச்சு. "நாலரை மணி நேரம் தாண்டிப் போச்சு, இனி ஊசி போட முடியாது"ன்னுட்டாங்க. அவ்வளவுதானுங்களா?

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான அந்த நாலரை மணி நேரக் கணக்கு 2008-இல் வந்த ஓர் ஐரோப்பிய ஆய்விலிருந்து வந்தது. அதற்கு முன்னால் மூன்று மணி நேரம்தான். தூக்கத்தில் வந்த பக்கவாதத்தில், நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்துதான் கணக்கு ஓடும். உங்கள் மாமனாருக்கு அது ஒன்பதரை. அந்தக் கணக்கில் உங்களுக்குச் சொன்னது சரிதான். ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை.

2018-இல் இரண்டு முக்கியமான ஆய்வுகள் வந்தன. ஒன்றில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து, பாதிப்பு புதிதுதான் என்று தெரிந்தவர்களுக்கு, எத்தனை மணிக்கு வந்தது என்று தெரியாவிட்டாலும் ஊசி போட்டார்கள், பலன் கிடைத்தது. மற்றொன்று 'டான்' ஆய்வு. மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு, ஆறிலிருந்து 24 மணி நேரத்துக்குள் வந்த 206 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு சாராருக்குத் தொடை வழியாகக் கம்பிக்குழாய் விட்டு ரத்தக்கட்டியை உருவி எடுத்தார்கள், மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. மூன்று மாதம் கழித்துத் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள் உருவி எடுத்த பக்கம் 49 சதவீதம், மற்ற பக்கம் 13 சதவீதம். நரம்பியலில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அபூர்வம்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. அடைப்பு பெரிய குழாயில் இருக்க வேண்டும், ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளைப்பகுதி இன்னும் மிச்சமிருக்க வேண்டும். அதனால் "நேரம் போயிடுச்சு" என்று யாராவது சொன்னால், "பெரிய குழாய் அடைப்பான்னு ஆஞ்சியோ ஸ்கேன்ல பார்த்தாச்சுங்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

24 மணி நேரம் இருக்கிறதே என்று நிதானமாகவும் கிளம்பக் கூடாது. அடைப்பு வந்த பிறகு நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006-லேயே கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு ஊசி, ஒரு டிரிப் போட்டு "விடியட்டும், பார்க்கலாம்" என்று உட்காருவதில்தான் நம் பக்கம் அதிக நேரம் போகிறது. நேராக 108-ஐக் கூப்பிடுங்கள், சிடி ஸ்கேனும் நரம்பியல் மருத்துவரும் உள்ள இடத்துக்குப் போங்கள். வழியில் காபித் தண்ணி கொடுக்காதீர்கள், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். பிரஷர் மாத்திரையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

இன்னொரு நல்ல செய்தி: பழைய ஊசி மருந்தான ஆல்டிப்ளேஸை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். புதிய மருந்தான டெனெக்டிப்ளேஸை ஒரே தடவையில் ஏற்றிவிடலாம். 2022-இல் கனடாவில் 1,577 பேரிடம் ஒப்பிட்டதில் புதியது பழையதற்குச் சளைத்ததில்லை என்று தெரிந்தது. சின்ன ஊரில் ஊசியைப் போட்டுக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவைக்க இது ரொம்ப வசதி.

ஈரோடு: வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்து ஏழு மாசமாச்சுங்க. நடக்கறாரு. வலது கை விரல் கொஞ்சம் அசையுது, ஆனா எல்லாத்துக்கும் இடது கையைத்தான் நீட்டறாரு. மஞ்சள் மண்டியில கணக்கு எழுதினவரு. ஆன்லைன்ல ரோபோ கையுறைன்னு விக்கறாங்க, வாங்கலாமுங்களா? இதுக்குப் புது ஆபரேஷன் ஏதாச்சும் இருக்குதுங்களா?

அந்தக் காசைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2019-இல் இங்கிலாந்தில் 770 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அது ஆன்லைன் கையுறை அல்ல, ஆஸ்பத்திரியில் வைக்கிற பெரிய ரோபோ. வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு 45 நிமிடம், 12 வாரம். கடைசியில் கை குறிப்பிட்ட அளவு தேறியவர்கள் ரோபோ பக்கம் 44 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 42 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதே நேர அளவுக்கு மனிதர்களே சொல்லிக்கொடுத்துப் பயிற்சி செய்ய வைத்த பிரிவில் 50 சதவீதம். அதையும் வெற்றி என்று சொல்ல முடியாது, ஆனால் ரோபோவுக்குக் குறைவில்லை. பெரிய ரோபோவுக்கே இந்தக் கதி என்றால், விரலைத் தானாக மடக்கி நீட்டிவிடுகிற கையுறையில் என்ன எதிர்பார்க்க? விரல் அசையும், மூளை சும்மா இருக்கும். விறைப்பு ஏறாமல் இருக்க ஓரளவு உதவலாம், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி, "எல்லாத்துக்கும் இடது கையைத்தான் நீட்டறாரு" என்பது. முடியாததால் பயன்படுத்தாமல் இருந்து, பிறகு ஓரளவு முடிந்தாலும் பயன்படுத்தாமலே பழகிவிடுவது இது. இதை உடைக்கத்தான் நல்ல கையைக் கட்டிப்போடும் பயிற்சி வந்தது. 2006-இல் அமெரிக்காவில் 222 பேரிடம், பக்கவாதம் வந்து மூன்றிலிருந்து ஒன்பது மாதம் ஆனவர்களாகப் பார்த்து, இரண்டு வாரம் நல்ல கைக்கு உறை மாட்டி, பாதித்த கையாலேயே வேலை செய்ய வைத்தார்கள். ஒரு வருடம் கழித்தும் முன்னேற்றம் நிலைத்திருந்தது. உங்கள் வீட்டுக்காரர் சரியாக அந்த மாதக் கணக்கில் இருக்கிறார். ஒரு நிபந்தனை: மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது அவராகவே மேலே தூக்க வேண்டும். கொஞ்சமும் நீளாத கைக்கு இது எரிச்சலைத்தான் தரும்.

வீட்டில் எப்படிச் செய்வது? இடது கைக்கு ஒரு தடித்த காலுறையை மாட்டிவிடுங்கள். தரையில் சம்மணமிட வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையை மேசைமேல் வைக்கட்டும். ஒரு தட்டில் விரலி மஞ்சளும் கிழங்கு மஞ்சளும் கலந்து வைத்து, வலது கையால் பிரிக்கச் சொல்லுங்கள். விரலியை எடுக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும், கிழங்குக்கு விரல்கள் நன்றாக விரிய வேண்டும். மண்டிக்காரருக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை, கை மறந்தாலும் கண்ணுக்குத் தெரியும். அப்புறம் பேனாவில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள், பழைய பேரேட்டில் எண் எழுதட்டும். ஆரம்பத்தில் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் போதும். நடக்கும்போது, படி ஏறும்போது, அடுப்பருகே உறையைக் கழற்றிவிடுங்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் முதலில் கையைப் பார்த்துவிட்டால் நல்லது.

கூடவே ஒரு எச்சரிக்கை. உத்தரத்தில் கப்பி மாட்டிக் கயிற்றை இழுத்து இழுத்துக் கையைத் தூக்குவது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. அது தோள்பட்டையைக் கெடுக்கும். எடுத்துவிடுங்கள்.

"புது ஆபரேஷன்" என்றும் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. நெஞ்சுத் தோலுக்கடியில் சின்னக் கருவியை வைத்து, கழுத்திலுள்ள வேகஸ் நரம்புக்குக் கம்பி இழுத்து, பயிற்சியில் கை ஒவ்வொரு முறை அசையும்போதும் நரம்பைத் தூண்டுகிறார்கள். 2021-இல் வெளியான ஆய்வில் 108 பேர். எல்லோருக்கும் கருவியை வைத்து, பாதிப் பேருக்கு மட்டும் சரியாகத் தூண்டினார்கள். நன்றாகத் தேறியவர்கள் சரியாகத் தூண்டிய பக்கம் 47 சதவீதம், மற்ற பக்கம் 24 சதவீதம். அமெரிக்கா அதே ஆண்டு அனுமதித்தது. ஆனால் அங்கே சேர்த்துக்கொண்டது பக்கவாதம் வந்து ஒன்பது மாதமாவது ஆனவர்களை. கருவியோடு கடுமையான பயிற்சியும் சேர்ந்துதான் அந்தப் பலன். ஆகவே முதலில் மஞ்சள் தட்டு.

தாராபுரம்: புறா ரத்தம் தேய்ச்சா விளங்காத கை வருமுங்களா?

வராது. புறாவை விடுங்கள். தேய்த்துவிடும் அரை மணி நேரத்தில் அந்தக் கையால் ஒரு டம்ளரைத் தூக்க வைக்கலாம்.

பெருந்துறை: மாமியாருக்கு ஸ்ட்ரோக். ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் எக்சர்சைஸ் சொல்லிக்கொடுத்து, "வீட்ல நீங்களே செய்யுங்க"ன்னு அனுப்பிட்டாங்க. நான் செஞ்சா போதுமுங்களா? சீக்கிரம் எழுப்பி நடக்க வெச்சா நல்லதுன்னும் சொல்றாங்க.

இதே கேள்வியை வைத்து நம் நாட்டிலேயே ஆய்வு நடந்திருக்கிறது. 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். பாதிப் பேரின் வீட்டாருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள். 2017-இல் முடிவு வந்தது: ஆறு மாதம் கழித்து இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்திருந்தவர்கள் இரண்டு பக்கமும் 47 சதவீதம். துளி வித்தியாசமில்லை.

மருமகள்களின் உழைப்பு வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. சில மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு மறுவாழ்வு முழுவதையும் வீட்டார் தலையில் கட்டிவிட முடியாது என்றுதான் நான் படிக்கிறேன். பிசியோதெரபி படித்த ஒருவர் அவ்வப்போது வந்து பார்த்துப் பயிற்சியை மாற்றிக்கொடுக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

எழுப்புவதைப் பற்றி: 2015-இல் 2,104 பேரிடம் பார்த்ததில், முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி நிறைய நேரம் நடக்க வைத்தவர்கள், நிதானமாக எழுப்பியவர்களைவிடக் கொஞ்சம் பின்தங்கினார்கள். நல்ல நிலைக்கு வந்தவர்கள் அவசரமாக எழுப்பிய பக்கம் 46 சதவீதம், நிதானமான பக்கம் 50 சதவீதம். உங்கள் மாமியார் அந்தக் கட்டத்தைத் தாண்டி வீட்டுக்கே வந்துவிட்டார். இனி படுக்க வைப்பதுதான் தப்பு. சாப்பாடு உட்கார்ந்துதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோமனூர்: தறி ஓட்டறனுங்க. இடுப்புல இருந்து கால் வரைக்கும் ரெண்டு மாசமா வெட்டி இழுக்குது. எம்ஆர்ஐ-ல டிஸ்க் பிதுங்கியிருக்குது. ஒருத்தரு உடனே ஆபரேஷன்ங்கறாரு, ஒருத்தரு வேண்டாங்கறாரு.

இரண்டு பேரும் தப்புச் சொல்லவில்லை. நெதர்லாந்தில் 2007-இல் உங்களைப் போலவே ஆறிலிருந்து பன்னிரண்டு வாரமாகக் கால்வலி இருந்த 283 பேரை, சீக்கிரமே ஆபரேஷன் ஒரு பக்கம், பொறுத்துப் பார்ப்பது ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் போயிற்று. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பொறுத்துப் பார்த்தவர்களில் 39 சதவீதம் பேர் தாங்க முடியாமல் பிறகு ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிதுங்கிய டிஸ்க் பல பேருக்குத் தானே சுருங்கிவிடுகிறது.

ஆக, எத்தனை நாள் ஷிப்டை விட முடியும், வலியை எவ்வளவு தாங்க முடியும் என்பதை வைத்து நீங்கள் முடிவெடுக்கலாம். மூன்று விஷயத்தில் மட்டும் பொறுக்கக் கூடாது: சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் தொங்கிச் செருப்பு நழுவுவது. இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஓடுங்கள்.

காங்கேயம்: எங்க அப்பாரு எண்பது வயசு. மொபெட்ல இருந்து விழுந்து ஒன்றரை மாசம் கழிச்சுத் தடுமாறறாரு, பேச்சு மாறுது. மூளையைச் சுத்தி ரத்தம் தேங்கியிருக்குதாம். மாத்திரையில கரைக்க முடியாதுங்களா?

வயதானவர்களுக்கு மூளை சற்றுச் சுருங்கியிருக்கும், அதனால் ரத்தம் மெதுவாகக் கசிந்து வாரக்கணக்கில் தேங்கும். விழுந்த அன்று எழுந்து உட்கார்ந்து டீ குடித்தவர் ஆறு வாரம் கழித்துத் தடுமாறுவது இதனால்தான். ஸ்டீராய்டு மாத்திரையை நாங்கள் ஒரு காலத்தில் நம்பினோம். 2020-இல் இங்கிலாந்தில் 748 பேரிடம் செய்த ஆய்வில் மறு ஆபரேஷன் குறைந்தது உண்மை, ஆனால் ஆறு மாதத்தில் நல்ல நிலையில் இருந்தவர்கள் மாத்திரை சாப்பிட்ட பக்கம்தான் குறைவு. வேண்டாம்.

மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு வடித்துவிடுவதுதான் இன்றைக்கும் முதல் வழி. வடித்த பிறகு சில நாள் குழாய் வைத்திருந்தால் மறுபடி தேங்குவது குறைகிறது. புதிதாக, மூளையின் உறைக்குப் போகும் ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைத்துவிடுகிறார்கள். 2024-இல் அமெரிக்காவில் 400 பேரிடம் ஆபரேஷனோடு இதையும் சேர்த்துச் செய்ததில், மறு ஆபரேஷன் 11.3 சதவீதத்திலிருந்து 4.1 ஆகக் குறைந்தது. வசதி இருக்கிற இடத்தில் கேட்டுப் பாருங்கள், ஆனால் அதற்காக முதல் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். அப்பாரு ரத்தம் உறையாமலிருக்கிற மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பொள்ளாச்சி: அப்பாவைச் சேர்த்திருக்கிற பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில "ஆராய்ச்சியில சேருங்க"ன்னு கையெழுத்துக் கேக்கறாங்க. சோதனை எலி ஆக்கிடுவாங்களோன்னு பயமா இருக்குது.

பயம் நியாயமானது. ஆனால் மேலே சொன்ன எல்லாமே யாரோ ஒருவருடைய அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போட்டதால் தெரிந்தவை. தகவல் தாளைத் தமிழில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். அவசரப்படுத்தினால் அதுவே சரியில்லை. இதில் சேராவிட்டால் என்ன சிகிச்சை, எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வார்களா, கூடுதல் டெஸ்டுக்கு யார் செலவு, நடுவில் விலகலாமா என்று கேளுங்கள். விலக உங்களுக்கு உரிமை உண்டு, அதற்காகச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. மருந்து ஆய்வில் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019 விதிகள் சொல்கின்றன. 2007-இல் தொடங்கிய இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வின் எண் இருக்கிறதா என்று இணையத்தில் யாரும் பார்க்கலாம். நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் படிவத்தில் இருக்க வேண்டும். இவை இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சங்ககிரி: லாரி டிரைவருங்க. விபத்துல முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. இல்லாத கால்ல விரல் முறுக்கற மாதிரி வலிக்குது. சொன்னா சிரிக்கறாங்க.

சிரிப்பவர்களுக்குத் தெரியவில்லை, அது நிஜமான வலி. காலை எடுத்துவிட்டாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது. சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன்தான் 1990-களில் இதற்குக் கண்ணாடி வைத்தியத்தைக் கொண்டுவந்தார். 2007-இல் கால் இழந்த 22 பேரை எடுத்துக்கொண்ட சின்ன ஆய்வில், நான்கு வாரம் கண்ணாடி பார்த்துப் பயிற்சி செய்தவர்கள் எல்லோருக்கும் வலி குறைந்தது. துணி போட்டு மூடிய கண்ணாடி முன் செய்தவர்களுக்கு அப்படி இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் செலவும் கெடுதலும் அதிகமில்லாததால் தயங்காமல் சொல்கிறேன்.

கால் நீளத்துக்கு ஒரு கண்ணாடி வாங்கி இரண்டு தொடைக்கும் நடுவே, நல்ல காலைப் பார்த்து நிறுத்துங்கள். அதில் தெரியும் பிம்பம் இல்லாத கால் இருந்த இடத்தில் இருப்பது போல் தோன்ற வேண்டும். பாதத்தை மெதுவாக மடக்கி, நீட்டி, விரலை விரித்துப் பிம்பத்தையே பாருங்கள். இல்லாத காலும் கூடவே அசைவதாக நினையுங்கள். ஒரு நாளைக்கு 15 நிமிடம், நான்கு வாரம். தலை சுற்றினாலோ அழுகை வந்தாலோ நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். குறையவில்லை என்றால் நரம்பு வலிக்கான மாத்திரைகள் இருக்கின்றன. அதற்கு முன்னால், வெட்டிய நுனியைத் தட்டினால் மின்சாரம் அடிப்பதுபோல் இருக்கிறதா என்று அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கே நரம்பு முடிச்சு விழுந்திருந்தால் அதற்குச் சிகிச்சை வேறு.