சபை நடுவே வேண்டாம், எதிரெதிரே அமர்ந்து பேசட்டும்

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றின் பில்லிங் பிரிவுக்கு நான் பொறுப்பாளர். என்னோடு சேர்த்து எட்டுப் பேர். ஒருவர் வேலையைப் பற்றி மற்றவர் மனம்விட்டுப் பேசும் கூட்டம் ஒன்றை நடத்தும்படி நிர்வாகம் சொன்னது. சென்ற மாதம் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, வெளிப்படையாகப் பேசுங்கள் என்றேன். வெகுநேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவர், புதிதாகச் சேர்ந்த பெண்ணைப் பார்த்து, "உனக்கு வேலையில் அக்கறையே இல்லை" என்று சொல்லிவிட, அவர் அழுதுவிட்டார். ஐம்பது வயதைக் கடந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் எவருமே எதையும் சொல்லத் துணிவதில்லை. அடுத்த முறை பெயர் எழுதாத துண்டுச் சீட்டுகளில் எழுதி வாங்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: சீட்டு வேண்டாம். எட்டே பேர் இருக்கும் பிரிவில் கையெழுத்தும் சொல்வழக்கும் எழுதியவரைக் காட்டிக்கொடுத்துவிடும். கணினிப் படிவத்தில் தட்டச்சு செய்யச் சொன்னாலும் இதே கதைதான். எழுதியவர் யார் என்ற ஊகத்திலேயே அந்த வாரம் கழியும். அதைவிடப் பெரிய குறை, சீட்டைப் படித்தவர் "எந்த நாளில், எந்த பில்லில்?" என்று திருப்பிக் கேட்க வழியே இல்லாமல் போவது.

உங்கள் முதல் கூட்டம் குலைந்ததற்கு உங்கள் குழுவின் குணம் காரணமல்ல. ஏழு பேர் பார்த்திருக்க ஒருவரின் குறையைச் சொன்னால், கேட்பவருக்குக் குறை காதில் விழாது, பார்த்திருப்பவர்களின் முகம்தான் தெரியும். ஆவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டெநிசி என்னும் இரு ஆய்வாளர்கள், வேலையைப் பற்றிய கருத்துரைகள் என்ன விளைவைத் தருகின்றன என்பதை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சராசரியில் கருத்துரையால் வேலை மேம்பட்டிருந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தருணங்களில் அது வேலையைக் கெடுத்தே இருந்தது. செய்த வேலையை விட்டு விலகிச் செய்த ஆளின் மீது கவனம் திரும்பத் திரும்ப, பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். "அக்கறையே இல்லை" என்ற சொல் போய் விழுந்தது அந்தப் பெண்ணின் மீது. அவர் போட்ட பில்லைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஆகவே இருவர் இருவராகப் பேசவைக்கும் ஒரு பயிற்சியைச் செய்து பாருங்கள். நான்கு நாற்காலிகளுக்கு எதிரே நான்கு நாற்காலிகளைப் போடுங்கள். ஓர் ஓரத்து நாற்காலியில் நீங்கள் அசையாமல் அமருங்கள். மற்ற ஏழு பேரும் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கடிகாரம் சுற்றும் திசையில் ஓர் இடம் நகரட்டும். ஏழு சுற்றுகளில் எல்லாரும் எல்லாரையும் ஒருமுறை சந்தித்துவிடுவார்கள். ஒருவருக்கு மூன்று நிமிடம், மற்றவருக்கு மூன்று நிமிடம், இடம் மாற ஒரு நிமிடம் என்று வைத்தால் 49 நிமிடத்தில் முடியும். கைப்பேசியில் மணி வைத்து, ஒலித்ததும் பாதிப் பேச்சானாலும் நிறுத்தச் சொல்லுங்கள். நேரம் குறுகியதாக இருந்தால்தான் பேச்சு பழைய கணக்குகளுக்குள் போகாது. அன்று ஒருவர் விடுப்பு என்றால், ஒரு காலி நாற்காலியை அசையாத இடமாக வைத்துவிட்டு நீங்களும் நகருங்கள். அதன் எதிரே வருபவருக்கு அந்தச் சுற்று ஓய்வு.

இந்தப் பயிற்சியின் உயிர் இனிச் சொல்லப்போவதில் இருக்கிறது. பேச்சைத் தொடங்குபவர் குறை சொல்பவராக இருக்கக் கூடாது, கேட்டுக்கொள்பவராக இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் முதல் நாளே தமக்கென ஒரு கேள்வியை அட்டையில் எழுதி வரட்டும்: "டிஸ்சார்ஜ் நேரத்தில் நான் எதை மாற்றிக்கொண்டால் உங்கள் வேலை சுலபமாகும்?" என்பதைப் போல. நம் அலுவலகங்களில் வயதில் மூத்தவரிடம் இளையவர் தாமாகக் குறை சொன்னால் அது அதிகப்பிரசங்கித்தனம் என்று பெயர் வாங்கும். மூத்தவரே கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோ மரியாதைக்குள் அடங்கிவிடும். உங்கள் பிரிவின் அண்ணனிடம் சில நாள் முன்னதாகவே தனியாகப் பேசி, அவருடைய கேள்வி என்ன என்று கேட்டு வையுங்கள். அவருடைய அனுபவத்தை வைத்தே அந்தப் பேச்சைத் தொடங்கலாம். அது முகஸ்துதி ஆகாது, உண்மையும் அதுதானே.

பதில் சொல்பவருக்கு ஒரே விதி: எப்போது, என்ன நடந்தது, அதனால் என்ன ஆயிற்று. அமெரிக்காவின் சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற பயிற்சி நிறுவனம் பரப்பிய முறை இது. "செவ்வாய்க்கிழமை காலை, பயன்படுத்தாத மருந்து வார்டிலிருந்து ரிட்டர்ன் வருவதற்கு முன்பே இறுதி பில்லை மூடிவிட்டீர்கள், மறுபடி திறந்து திருத்த வேண்டியிருந்தது, நோயாளியின் வீட்டார் ஒரு மணி நேரம் கவுன்டரில் நின்றார்கள்" என்பது அவ்வாறு சொல்லப்பட்ட கருத்து. நன்றாகச் செய்ததைச் சொல்லும்போதும் இதே விதிதான்; "நீங்கள் சூப்பர்" என்பதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மீண்டும் பாராட்டு என்று அடுக்கச் சொல்லும் பயிற்சியாளர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. "ஆனால்" எப்போது வரும் என்று காத்திருப்பவருக்கு முதல் பாராட்டு காதில் ஏறுவதில்லை.

கேட்பவர் தம் அட்டையிலேயே குறித்துக்கொள்ள வேண்டும், புரியாவிட்டால் விவரம் கேட்கலாம், நன்றி சொல்ல வேண்டும். விளக்கம் மட்டும் கொடுக்கக் கூடாது. நியாயமான விளக்கமே இருந்தாலும் அன்று வேண்டாம். விளக்கம் வந்த கணமே எதிரில் இருப்பவர் சாட்சிக் கூண்டில் ஏறிவிடுகிறார்.

சுற்றுகள் முடிந்தபின் பத்து நிமிடம் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து, ஒவ்வொருவரும் தாம் மாற்றிக்கொள்ளப்போகும் ஒரே ஒரு செயலைச் சொல்லட்டும். யார் சொன்னதால் என்பது வேண்டாம். முதலில் நீங்கள் சொல்லுங்கள். அட்டைகள் அவரவரிடமே இருக்கட்டும். நீங்கள் வாங்கிப் பார்த்தால் அடுத்த முறை எல்லா அட்டையிலும் நல்லதே எழுதியிருக்கும். நிர்வாகம் அறிக்கை கேட்டால், மருந்து ரிட்டர்ன் தாமதம்போல நடைமுறையில் உள்ள சிக்கல்களை மட்டும் எழுதிக் கொடுங்கள். சம்பள உயர்வு மதிப்பீட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நிர்வாகத்திடம் முன்கூட்டியே உறுதி வாங்கிக்கொள்வதும், அதைக் குழுவுக்குச் சொல்வதும் அவசியம்.

பண முறைகேடு, அத்துமீறல் போன்றவை இந்த நாற்காலிகளுக்கு உரியவையல்ல. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில், பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அத்தகைய பேச்சு எழுந்தால் அங்கே அனுப்புங்கள்.

அழுத பெண்ணிடமும் அவரை அழவைத்தவரிடமும் நாள் குறிக்கும் முன்பே தனித்தனியாகப் பேசிவிடுங்கள். முதல் நாலைந்து சுற்றுகளில் அவ்விருவரும் எதிரெதிரே வராதபடி இடம் ஒதுக்குங்கள். நாலைந்து பேரிடம் பேசிப் பழகியபின் சந்திப்பது இருவருக்குமே எளிது. டிஸ்சார்ஜ் நெருக்கடி ஓய்ந்த பிற்பகலில், ஷிஃப்ட் மாறும் வேளையை ஒட்டி வைத்துக்கொண்டு, அந்த ஒரு மணி நேரத்துக்குக் கவுன்டரைப் பார்த்துக்கொள்ள வரவேற்புப் பிரிவிலிருந்து ஆள் கேளுங்கள். மாதக் கடைசி வாரம் மட்டும் வேண்டாம்.